ஒரு சிலிண்டர், இரண்டு ப்ளக்: தொழில்நுட்பக் காப்புரிமை எப்படி வேலை செய்கிறது?

பல்சர் 150 ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால், பார்த்துவிட்டு "ப்ளக் மாத்திரலாம்ணே" என்பார். பில்லைப் பார்த்தால் இரண்டு ப்ளக்குக்குக் காசு போட்டிருக்கும். ஏமாற்று இல்லை. சிலிண்டர் ஒன்றுதான், ஆனால் அதில் தீப்பொறி போடும் ஸ்பார்க் ப்ளக் இரண்டு. பெட்ரோல் கலந்த காற்றை ஒரே மூலையில் பற்றவைக்காமல் இரண்டு பக்கமும் பற்றவைத்தால் சீக்கிரம் எரியும், முழுசாகவும் எரியும், மைலேஜ் கூடும். 2003-லிருந்து பஜாஜ் இதை டிடிஎஸ்-ஐ என்ற பெயரில் விற்றது. டேங்குக்குப் பக்கத்தில் அந்த எழுத்துகள் ஒட்டியிருப்பதே அப்போது ஒரு கெத்து.

அந்த இரண்டாவது ப்ளக்குக்காக பஜாஜும், ஓசூரில் வண்டி செய்யும் டிவிஎஸ்ஸும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. 2007 கடைசியில் தொடங்கிய வழக்கு 2019-ல் சமரசத்தில் முடிந்தது. பன்னிரண்டு வருஷம். தொழில்நுட்பக் காப்புரிமை என்றால் என்ன, அதனால் புதுமை வளர்கிறதா, முடங்குகிறதா என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வருபவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு கதை இல்லை. ஆனால் கோர்ட்டுக்குள் போவதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு சொல் குழப்பம். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற சண்டையையும் நம் பத்திரிகைகள் 'காப்புரிமை வழக்கு' என்றே எழுதுகின்றன. அது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். பாட்டோ கதையோ எழுதிய உடனே அது தானாக வந்துவிடும். பிராண்ட் பெயர், லோகோ ஆகியவற்றைக் காப்பது டிரேட்மார்க். நாம் பேசப்போவது பேட்டன்ட், அதாவது தொழில்நுட்பக் காப்புரிமை. அது தானாக வராது. விண்ணப்பம் போட்டு, அதிகாரி சோதித்து, எதிர்ப்பு வந்தால் பதில் சொல்லி, அப்புறம்தான் கிடைக்கும். இந்தியாவில் இதற்கு நான்கு அலுவலகங்கள்: கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை. சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

பேட்டன்ட் என்பது அடிப்படையில் ஒரு கொடுக்கல் வாங்கல். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் படித்தால் தானே செய்துவிடும் அளவுக்கு விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்துப் பதினெட்டு மாதத்தில் அது வெளியாகிவிடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பதிலுக்கு அரசு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு, இவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று தடுக்கும் உரிமையைத் தருகிறது. 20 ஆண்டு முடிந்தால் அது ஊர்ப்பொது.

நம் ஊர்களில் பரம்பரை வைத்தியர்களைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள். கடைசிக் காலத்தில் மூத்த மகன் காதில் மட்டும் மருந்தைச் சொல்லிவிட்டுப் போவார். மகனும் அதேபோல் தன் மகனுக்கு. நடுவில் ஒருவர் சொல்லாமல் செத்துவிட்டால் மருந்தும் அவரோடு போய்விடும். பேட்டன்ட் என்ற ஏற்பாடு அதற்கு நேர்மாறு. அந்தச் சொல்லின் மூலப் பொருளே 'திறந்த' என்பதுதான். முத்திரையை உடைக்காமலே எவரும் படிக்கும்படி அரசர் தரும் திறந்த கடிதம். வெனிஸ் 1474-லேயே இதற்குச் சட்டம் போட்டது. இங்கிலாந்தின் 1624 சட்டம் 14 ஆண்டு கொடுத்தது. அக்காலத்தில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள ஏழு ஆண்டு. இரண்டு தலைமுறைச் சீடர்கள் கற்று வெளியே வரும் காலம் அது என்பார்கள்.

பேட்டன்ட் கிடைக்க மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும். உலகத்தில் எங்கேயும் அதற்கு முன் வெளியாகாததாக இருக்க வேண்டும். அந்தத் துறைக்காரருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலில் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றில் இரண்டாவதுதான் எல்லாச் சண்டைக்கும் தாய். ஒருவருக்கு 'அட!' என்று தோன்றுவது இன்னொருவருக்கு 'இது யாருக்குத்தான் தோன்றாது?' என்று இருக்கும்.

அப்புறம் ஒன்று. பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்காவில் வாங்கியது ஆண்டிப்பட்டியில் செல்லாது. இங்கே வாங்கியது அங்கே செல்லாது.

செக்குபந்தி பார்க்காமல் நிலம் வாங்காதீர்கள்

பேட்டன்ட் ஆவணத்தில் தலைப்பு இருக்கும், சுருக்கம் இருக்கும், படங்கள் இருக்கும், பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். சட்டத்துக்கு முக்கியம் கடைசியில் எண் போட்டு வரும் சில வாக்கியங்கள்தான். ஆங்கிலத்தில் க்ளெய்ம் என்பார்கள், தமிழில் உரிமைக்கோரல். நிலப் பத்திரத்தில் "கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வண்டிப்பாதை" என்று செக்குபந்தி எழுதுவார்களே, அதுதான் இது. நிலம் எவ்வளவு அழகு என்பது பத்திரத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்; எதுவரை உங்களுடையது என்பதைச் செக்குபந்திதான் சொல்லும். பேட்டன்ட் புதுமையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பஜாஜின் இந்தியப் பேட்டன்ட் எண் 195904. 2002 ஜூலையில் விண்ணப்பித்து 2005 ஜூலையில் கிடைத்தது. அதன் எல்லையைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், சிலிண்டரின் உள்விட்டம் 45-லிருந்து 70 மில்லிமீட்டருக்குள், காற்று மிகுந்த கலவையை எரிப்பதற்கு இரண்டு ப்ளக், ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு (கலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறந்து மூடும் கதவு), ப்ளக்கை எஞ்சின் ஆயிலிலிருந்து காப்பாற்ற ஒரு குழாய் உறை. இரண்டு ப்ளக் போடுவது மட்டுமே புதுசு என்று பஜாஜ் சொல்லவில்லை. பெரிய எஞ்சின்களிலும் விமானங்களிலும் அது எப்போதோ வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சிலிண்டரில் அதைச் செய்து காட்டியதுதான் தன்னுடையது என்றது. அதனால்தான் அந்த 45, 70 எண்கள்.

2007-ல் டிவிஎஸ் 'ஃப்ளேம்' என்ற 125 சிசி வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு ப்ளக். உள்விட்டம் 54.5 மில்லிமீட்டர், பஜாஜின் வேலிக்கு நடுவில். ஆனால் வால்வு மூன்று. பஜாஜ் தன் பேட்டன்ட் மீறப்பட்டது என்றது. டிவிஎஸ், எங்களுடையது ஆஸ்திரிய நிறுவனமான ஏவிஎல்லின் துணையோடு செய்த மூன்று வால்வு எஞ்சின், அது வேறு வகை. தவிர, ஹோண்டாவின் பழைய அமெரிக்கப் பேட்டன்ட்டிலேயே இரட்டை ப்ளக் இருக்கிறது, உங்கள் பேட்டன்ட்டே செல்லாது என்றது.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். டிவிஎஸ் என்ன செய்தது தெரியுமா? ஒரு ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஒற்றை ப்ளக்கோடு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009 மே மாதம் இரண்டு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. அங்கே 2009 செப்டம்பரில், இடைக்காலத் தடைக்காகவே ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்காமல் மூல வழக்கை விரைவாக முடியுங்கள் என்றார்கள். டிவிஎஸ் விற்றுக்கொள்ளலாம், கணக்கு மட்டும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். விரைவாக முடியவில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

ஃப்ளேம் இன்று விற்பனையில் இல்லை. வழக்கு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வண்டி ஓடுவதற்கும் ஓடாததற்கும் ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செக்குபந்தியில் 'இரண்டு வால்வு' என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்மானிப்பதற்குள், அந்த எஞ்சின் தொழில்நுட்பத்தின் ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. புது வண்டி ஒன்றை வரைந்துகொண்டிருக்கும் பொறியாளருக்கு 'கூடாது' என்ற பதில்கூடப் பரவாயில்லை. 'தெரியாது, பத்து வருஷம் கழித்துச் சொல்கிறோம்' என்பது கொடுமை.

வாட் அடித்த வேலி, வாட்டுக்கு அடித்த வேலி

இன்னும் பின்னால் போவோம். ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். அதற்கு முன்பே நியூகோமன் எஞ்சின் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. நிலக்கரியை விழுங்கும் பேய் அது. நீராவியைக் குளிரவைக்க ஒவ்வொரு முறையும் சிலிண்டரையே குளிரவைத்து, மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். சோறு வடிக்கும்போது ஒவ்வொரு பிடி அரிசிக்கும் உலையை இறக்கி ஆறவைத்து மறுபடி ஏற்றினால் எப்படியிருக்கும்? வாட் செய்தது, குளிரவைக்கும் வேலைக்குத் தனிப் பாத்திரம் வைத்ததுதான். சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். 1769-ல் பேட்டன்ட் வாங்கினார்.

வாங்கியதும் பணம் கொட்டவில்லை. முதலில் காசு போட்ட ஜான் ரோபக் திவாலானார். அவருடைய பங்கு மேத்யூ போல்ட்டன் கைக்கு வந்தது. 14 ஆண்டில் பாதி இப்படியே ஓடிவிட்டதால் போல்ட்டன் தயங்கினார். 1775-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு பேட்டன்ட்டை 1800 வரை நீட்டித்துக்கொண்டார்கள். சிலிண்டரைத் துல்லியமாகக் குடைய ஜான் வில்கின்சனின் இயந்திரம் வந்த பிறகு, 1776-ல்தான் முதல் எஞ்சின்கள் ஓடின. யோசனை வந்து பதினொரு வருஷம். பேட்டன்ட் இல்லாவிட்டால் போல்ட்டன் பணத்தை இறக்கியிருப்பாரா? இறக்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பேட்டன்ட்டைத் திட்டுவது நியாயமில்லை.

இனி மறுபக்கம். 1769 ஆவணத்தில் படமே கிடையாது. நீராவியையும் எரிபொருளையும் குறைக்கும் 'புதிய முறை' என்று கொள்கையாக எழுதியிருந்தது. எல்லைக் கல் இல்லாத தோட்டம். ஜோனத்தன் ஹார்ன்புளோவர் என்பவர் 1781-ல் இரண்டு சிலிண்டர் வைத்து நீராவியை இரண்டு முறை வேலை வாங்கும் எஞ்சினுக்கு வழி கண்டார். நல்ல யோசனை, பிற்கால நீராவிக் கப்பல் எஞ்சின்கள் பல இதன் வழித்தோன்றல்கள். ஆனால் நீராவியைக் குளிரவைக்க அவருக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். அது வாட்டின் வேலிக்குள் இருந்தது. அதனால் ஹார்ன்புளோவரின் எஞ்சின் முன்னேற முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் வாட்டும் இன்னொருவர் வேலியில் மாட்டிக்கொண்டார். மேலும் கீழுமாக ஆடும் எஞ்சினை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்றால் எளிய வழி கிராங்க்: தையல் மிஷினில் மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அந்த வளைந்த கம்பி. மனிதன் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தும் பொருள். அதை நீராவி எஞ்சினோடு சேர்ப்பதற்கு 1780-ல் ஜேம்ஸ் பிக்கார்ட் பேட்டன்ட் வாங்கிவிட்டார். உன் கிராங்க்கை நான், என் பாத்திரத்தை நீ என்று மாற்றிக்கொள்ள வாட் தயாராக இல்லை. அதனால் அவர் பட்டறையில் சூரியனைச் சுற்றும் கோள்போல ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொன்று ஓடும் சிக்கலான ஏற்பாட்டைச் செய்தார்கள். மூளை வில்லியம் மர்டாக்குடையது என்பார்கள். 1794-ல் பிக்கார்டின் பேட்டன்ட் முடிந்த பிறகு மெல்ல அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிராங்க்குக்கு மாறினார்கள்.

பேட்டன்ட் பற்றி எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் விஷயம் இங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 'பேட்டன்ட் வைத்திருக்கிறேன், அதனால் நான் செய்யலாம்' என்று நினைக்கிறோம். இல்லை. பேட்டன்ட் என்பது அடுத்தவரைத் தடுக்கும் உரிமை மட்டும். உங்கள் பொருளுக்குள் இன்னொருவரின் பேட்டன்ட் இருந்தால், உங்கள் சான்றிதழை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு அவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதுதான். நல்ல எஞ்சினுக்குப் பாத்திரமும் வேண்டும், கிராங்க்கும் வேண்டும் என்னும்போது, ஆளுக்கொரு சாவி வைத்திருக்கும் கூட்டுக் குடும்பத்துப் பீரோ மாதிரி ஆகிவிடுகிறது.

1800-ல் வாட்டின் பேட்டன்ட் முடிந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்க முதலாளிகளுக்கு நிம்மதி. அதுவரை மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாட் ஆபத்தானது என்று ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியை ரிச்சர்ட் டிரெவிதிக் கையிலெடுத்தார். 1804-ல் வேல்ஸில் தண்டவாளத்தில் அவருடைய நீராவி எஞ்சின் ஓடியது. 1811-லிருந்து கார்ன்வாலில் ஒரு மாத அறிக்கை வெளிவந்தது. எந்தச் சுரங்கத்து எஞ்சின் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று பெயர் போட்டு அச்சிட்டார்கள். பொறியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்று எஞ்சினை மெருகேற்றினார்கள், பெரும்பாலும் பேட்டன்ட் இல்லாமலே. வாட்டின் வேலி புதுமையை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதில் வரலாற்றாய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே கதையில் இருக்கின்றன: முதல் எஞ்சின் பிறக்கப் பேட்டன்ட் உதவியது, அதற்கு அடுத்த எஞ்சின்களுக்கு அதுவே குறுக்கே நின்றது.

பசைத் துப்பாக்கியிலிருந்து பிறந்த பெட்டி

இதே கதை நம் கண்முன்னாலும் நடந்திருக்கிறது. 1980-களின் கடைசியில் ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கர், மகளுக்குப் பொம்மைத் தவளை செய்ய, சூடான பசை பிழியும் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கையும் மெழுகையும் கலந்து அடுக்கடுக்காகப் பிழிந்தார். முறுக்கு உரலை நினைத்துக்கொள்ளுங்கள், அதைக் கணினி பிடித்துக்கொண்டு பிழிகிறது. 1989-ல் விண்ணப்பித்து 1992-ல் பேட்டன்ட் வாங்கினார். மனைவியோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் ஸ்ட்ராட்டசிஸ். இன்று 3டி பிரின்டர் என்று நாம் சொல்லும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வழிதான்.

பேட்டன்ட் இருந்த காலத்தில் அது பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருந்த விலையுயர்ந்த இயந்திரம். 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் பிரின்டர் ஒன்றைத் திறந்த வடிவமைப்பாகச் செய்ய ஆரம்பித்தார். 2009-ல் கிரம்ப்பின் அந்தப் பேட்டன்ட் முடிந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் மேக்கர்பாட் தொடங்கி, வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் பிரின்டரை 750 டாலருக்கு விற்றது. பிறகு விலை சரிந்த கதை, கல்லூரி லேப்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

ஆக, இது பேட்டன்ட்டுக்கு எதிரான சாட்சியா, ஆதரவான சாட்சியா? 20 ஆண்டு தாமதித்தது என்று ஒருவர் சொல்லலாம். பேட்டன்ட் இருந்ததால்தான் ஒரு நிறுவனம் 20 ஆண்டு அதில் உழைத்தது, கடைசியில் எழுதிக் கொடுத்தபடி ஊருக்கு வந்துசேர்ந்தது என்று இன்னொருவர் சொல்லலாம். எனக்கு இரண்டாவதில் சாய்வு, கொஞ்சம்தான். ஆனால் ஒரு சின்னக் கிண்டல் இருக்கிறது: திறந்த வடிவமைப்பால் வளர்ந்த மேக்கர்பாட், 2012-ல் தன் புது இயந்திரத்தின் வடிவமைப்பை மூடிவிட்டது, 2013-ல் அதை வாங்கியது ஸ்ட்ராட்டசிஸ்.

மென்பொருளில் ஏன் இவ்வளவு ரகளை

எஞ்சினுக்கு விட்டம் உண்டு, வால்வு உண்டு, எல்லை எழுதலாம். மென்பொருள் அப்படியில்லை. 1999-ல் அமேசானுக்கு 'ஒரே கிளிக்கில் வாங்குவது' என்பதற்கு அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது. முகவரியும் கார்டு எண்ணும் முன்பே தெரிந்த வாடிக்கையாளர் ஒரு பொத்தானைத் தட்டினால் ஆர்டர் போய்விடும். தெருமுனை மளிகைக் கடையில் "அண்ணாச்சி, வழக்கமானதைப் போட்டுடுங்க, கணக்குல எழுதிக்குங்க" என்பதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும். பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடை மீது அமேசான் வழக்குப் போட்டது. தடை வந்ததும் அந்தக் கடை தன் தளத்தில் வேண்டுமென்றே இன்னொரு கிளிக்கைச் சேர்த்தது. உலகத்தில் ஒரு பொருளைத் தெரிந்தே கொஞ்சம் மோசமாக்குவதற்குப் பொறியாளர்களைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்த தருணம் அது. 2017-ல் அந்தப் பேட்டன்ட் முடிந்தது.

ஜிஃப் படங்களின் கதை வேறு மாதிரி. 1987-ல் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனம் அந்தப் படவகையை வெளியிட்டது. படத்தைச் சுருக்க அதில் எல்.இசட்.டபிள்யூ என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளுக்குச் சின்னச் சின்ன எண் கொடுத்து அகராதி ஒன்றைக் கட்டிக்கொண்டே போவது அதன் சூட்சுமம். 1984-ல் இதழ்க் கட்டுரையாக வந்திருந்ததால் ஊருக்குப் பொது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அதற்கு 1985-லேயே பேட்டன்ட் வழங்கப்பட்டிருந்தது. அது யூனிசிஸ் என்ற கணினி நிறுவனத்தின் கையில் இருந்தது. 1994 டிசம்பரில், ஜிஃப் மென்பொருள் எழுதுபவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. உலகமே ஜிஃப்புக்குப் பழகிய பிறகு. கோபத்தில் சில வாரங்களிலேயே இணையத்தில் கூடிய நிரலாளர்கள் வேறு சுருக்க முறையை வைத்து பி.என்.ஜி என்ற படவகையைச் செய்தார்கள். ஜிஃப்பில் 256 நிறம்தான், இதில் கோடிக்கணக்கில். தடுத்ததால் நல்லது ஒன்று பிறந்தது என்று சொல்லலாம்தான். வீடு எரிந்ததால் குளிர்காய முடிந்தது என்பது போல.

பொருள் எதுவும் செய்யாமல் பேட்டன்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். பிளாக்பெர்ரி போன் செய்த ரிம் நிறுவனம் 2006-ல் என்டிபி என்ற அப்படியொரு நிறுவனத்துக்கு 61.25 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. அந்தப் பேட்டன்ட்டுகள் செல்லுமா என்று அமெரிக்க அலுவலகமே மறுபரிசீலனை செய்துகொண்டிருந்த நேரம் அது. தீர்ப்புவரை காத்திருந்தால் சேவையையே நிறுத்த வேண்டி வருமோ என்ற பயம்தான் காசைக் கொடுக்க வைத்தது.

நம் நாட்டில் என்ன நிலை? காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, அல்காரிதம், 'வெறும்' கணினி நிரல் ஆகியவற்றுக்குப் பேட்டன்ட் இல்லை என்கிறது. 2004 கடைசியில் அவசரச் சட்டம் மூலம் இதைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005-ல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. நிரலோடு வேறு தொழில்நுட்பப் பயனும் சேர்ந்திருந்தால் கிடைக்கிறது, எனவே அந்த 'வெறும்' என்ற சொல்லைச் சுற்றித்தான் வழக்கறிஞர்களுக்குப் பிழைப்பு. அமெரிக்காவிலும் 2014-ல் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய வணிக யோசனையைக் 'கணினியில் செய்' என்று சொல்வது மட்டும் கண்டுபிடிப்பாகாது என்றது.

நம் ஊர்க் கதை இன்னொன்றும் உண்டு. ஒரே போனில் பல சிம் போடுவதற்குத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் 2002-ல் விண்ணப்பித்து 2008-ல் இந்தியப் பேட்டன்ட் பெற்றார். அதை வைத்து, இரட்டை சிம் போன்களின் இறக்குமதி சுங்கத்தில் நிறுத்தப்பட்டது. பெரிய நிறுவனங்களெல்லாம் கோர்ட் ஏறின. 2012-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அதை ரத்து செய்தது. தனி ஆள் பெரிய கம்பெனிகளை நிறுத்திவைத்தார் என்று மகிழ்வதா, சோதனையில் கழிந்திருக்க வேண்டியது கடைவரை வந்துவிட்டதே என்று வருந்துவதா? எனக்கு இரண்டும் வருகிறது.

மருந்துத் துறை தனிக் கதை. ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்துச் சோதித்து முடிக்கப் பல ஆண்டும் பெரும் பணமும் வேண்டும், நகலெடுப்பதோ சுலபம். எல்லையும் தெளிவு, ஏனென்றால் மூலக்கூறுக்கு வடிவம் உண்டு. பேட்டன்ட் தன் வேலையைச் சரியாகச் செய்யும் இடம் அது என்று பலரும் ஒப்புக்கொள்வார்கள், விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே. போனில் அப்படியில்லை. ஒரு போனுக்குள் ஆயிரக்கணக்கான பேட்டன்ட்டுகள். 2012-ல் கூகுள் மோட்டோரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்கியது பெரும்பாலும் அதன் பேட்டன்ட் மூட்டைக்காக. போன் தொழிலை இரண்டே வருஷத்தில் லெனோவோவுக்கு விற்றுவிட்டு, மூட்டையில் பெரும்பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

கடைசியாக, இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு. புதிதாக ஒன்று செய்திருந்தால் முதலில் யூடியூபில் போடாதீர்கள். வெளியில் காட்டிவிட்டால் 'புதுசு' என்ற முதல் சோதனையில் நீங்களே உங்களைத் தோற்கடித்ததாகிவிடும். விலக்குகள் உண்டு, ஆனால் குறுகலானவை. தனிநபருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். சோதனைக்குத் தனிக் கட்டணம். கிடைத்த பின், விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு முதல் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். செக்குபந்தி எழுதத் தெரிந்தவரின் கூலி இதைவிட எல்லாம் அதிகம், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேட்டன்ட் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காலாவதியான ஆவணங்கள் லட்சக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. கூகுள் பேட்டன்ட்ஸில் 5121329 என்று அமெரிக்க எண்ணைத் தட்டினால் கிரம்ப்பின் பசைத் துப்பாக்கி வழி வந்த இயந்திரம் படங்களோடு வரும். தலைப்பை விட்டுவிட்டு நேராக உரிமைக்கோரலுக்குப் போங்கள். முதல் வாசிப்பில் தலை சுற்றும். படத்தில் இருக்கும் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தால் எந்தப் பாகம் எதைப் பிழிகிறது என்று பிடிபட்டுவிடும். செய்து பார்த்தாலும் கேட்க ஆள் இல்லை, 2009-லேயே கெடு முடிந்துவிட்டது.